களவும் பூட்டும்: ஒரு விளையாட்டு உரைக்கும் நீதி

ஒரு நூலை மதிப்பிடப் புகுவோர் அது கூறும் பொருளையும், கூறும் முறையையும் ஒருங்கே நோக்குதல் வேண்டும். பொருள் நன்றாயிருந்து முறை பிழைபடுமாயின் நூல் கசக்கும். முறை இனிதாயிருந்து பொருள் குறைபடுமாயின் நூல் ஏமாற்றும். இவ்வளவுகோலை இன்று நாம் ஒரு புத்தகத்துக்கன்று, ஒரு வீடியோ விளையாட்டுக்குப் பிரயோகிக்க முன்வந்திருக்கிறோம். விளையாட்டுக்கும் விமரிசனமா என்று நகைப்போர் சிலர் இருக்கக்கூடும். சினிமாவையும் ஒரு காலத்தில் அவ்வாறே நகைத்தார்கள். கதை கூறி, பாத்திரங்களைப் படைத்து, நன்மை தீமைகளை நம்முன் நிறுத்தி, இதில் உன் வழி யாது என்று கேட்கும் எதுவும் விமரிசனத்துக்கு உரியதே என்பது நமது அபிப்பிராயம்.

நாம் எடுத்துக்கொண்டது 'கேம் டெவ் டைகூன்' என்னும் விளையாட்டு. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த 'கிரீன்ஹார்ட் கேம்ஸ்' என்னும் சிறு நிறுவனத்தின் பெயரால் பாட்ரிக் கிளக், டேனியல் கிளக் என்னும் சகோதரர் இருவர் இயற்றியது. 2013 ஏப்ரல் இறுதியில், ஏறத்தாழ 8 அமெரிக்க டாலர் விலையில், தங்கள் இணையத்தளத்தில் விற்பனைக்கு விட்டார்கள். அதில் ஆடுவோர் 1980-களின் தொடக்கத்தில் ஒரு கார்க் கொட்டகையில் அமர்ந்து, வீடியோ விளையாட்டு செய்து விற்கும் தொழிலைத் தொடங்குகிறார். எப்பொருளைப் பற்றி, எவ்வகையில், எந்த இயந்திரத்துக்காகச் செய்வது என்று தேர்ந்து, செய்து, விற்று, லாபம் கண்டு, ஆட்களை அமர்த்திப் பெரிய அலுவலகத்துக்குக் குடிபோகிறார். விளையாட்டுத் தொழிலைப் பற்றியே ஒரு விளையாட்டு!

இம்மட்டோடு நின்றிருந்தால் இதனை ஒரு பொழுதுபோக்கு என்று சொல்லி நாம் அப்பால் போயிருப்போம். ஆனால் கர்த்தர்கள் வேறொரு காரியமும் செய்தார்கள். விற்பனை தொடங்கிய வேளையிலேயே, தங்கள் விளையாட்டின் 'பூட்டுடைத்த' பிரதி ஒன்றைத் தாங்களே தயாரித்து, கள்ளப் பிரதிகள் பரிமாறப்படும் இணையச் சந்தையில் தங்கள் கையாலேயே இறக்கிவிட்டார்கள். அப்பிரதி மூலத்தை ஒத்தது, வேற்றுமை ஒன்றே. சில மணி நேரம் ஆடி, தொழில் சற்றுத் தழைத்து வரும் தறுவாயில், ஆடுவோரின் கற்பனைக் கம்பெனிப் பணியாள் ஒரு செய்தி கொண்டு வருகிறான்: நாம் புதிதாய் வெளியிட்ட விளையாட்டைப் பலர் ஆடுகிறார்கள், ஆயினும் வாங்குவார் இல்லை, கள்ளப் பிரதியை எடுத்துக்கொள்கிறார்கள், இந்நிலை நீடித்தால் நாம் திவாலாவது திண்ணம் என்பது அதன் சாரம். அதன்பின் எத்துணை நல்ல விளையாட்டைச் செய்தாலும் வரும்படி குன்றுகிறது; முடிவில் கம்பெனி முழுகிப்போகிறது.

முதல் நாள் கழிந்து கர்த்தர்கள் கணக்கெடுத்தார்கள். விலை கொடுத்த பிரதியில் ஆடியோர் 214 பேர். கள்ளப் பிரதியில் ஆடியோர் 3,104 பேர். நூற்றுக்கு 93.6 பேர் களவாடியோர்! அவர்களிற் சிலர் பொதுமன்றங்களுக்கு வந்து, களவினால் எங்கள் கம்பெனி நஷ்டமடைகிறதே, இதற்குப் பரிகாரம் இல்லையா என்று முறையிட்டார்கள். அவர்களில் ஒருவர், பிரதி எடுப்பதைத் தடுக்கும் பூட்டை இவ்விளையாட்டுக்குள்ளேயே ஆராய்ச்சி செய்து கண்டுபிடிக்க இயலுமா என்று வினவினார். தாம் இழைத்த தீங்கையே தமக்கு நேர்ந்த தீங்காகக் கண்டு புலம்பினாரேயன்றி, புலம்பும் போதும் அது தம்முடையதென்று அவர் அறியவில்லை.

முறையின் சிறப்பு

கள்ளப் பிரதியில் ஆடுவோரை உள்ளிருந்தே தண்டிக்கும் உத்தி இவர்கள் கண்டுபிடித்ததன்று. 1994-இல் ஜப்பானிலும் 1995-இல் அமெரிக்காவிலும் வெளிவந்த 'எர்த்பவுண்ட்' என்னும் விளையாட்டு, தான் கள்ளப் பிரதி என்று உணர்ந்தால் வழியெங்கும் பகைவர் கூட்டத்தைப் பெருக்கும். அத்தனையும் பொறுத்துக் கடைசிப் போர்வரை வந்தவர் முன் அசையாமல் நின்று, அவர் சேர்த்து வைத்ததனைத்தையும் அழித்துவிடும். 2000-இல் வெளிவந்த 'ஸ்பைரோ: இயர் ஆஃப் தி டிராகன்' என்பதில் ஒரு தேவதை தோன்றி, இது முறைகேடாக மாற்றப்பட்ட பிரதி போலும் என்று எச்சரிப்பாள், பின்னர் ஆடுவோர் தேடிச் சேர்த்த முட்டைகளும் மணிகளும் மாயமாய் மறையும். இவற்றின் நோக்கம் பழிவாங்குதல், அல்லது காலம் கடத்துதல். ஸ்பைரோவின் பூட்டை உடைக்க இரண்டு மாதத்துக்கு மேலாயிற்று என்று அதன் கர்த்தர்களே மகிழ்ந்து எழுதினர். சாமர்த்தியம் மெச்சத்தக்கதே; ஆயினும் அடிபட்டவன் அடியை உணர்ந்தானேயன்றி நியாயத்தை உணர்ந்தானில்லை.

'கேம் டெவ் டைகூன்' இவற்றினின்று வேறுபடுவது இவ்விடத்திலேதான். இங்கே தண்டனை கதைக்குப் புறம்பானதன்று, தண்டனையே கதை. களவாடியவரைக் களவு கொடுத்தவரின் நாற்காலியில் உட்கார வைத்து, அவர் கணக்குப் புத்தகத்தை இவர் கையில் கொடுத்துவிடுகிறது. பிறன் துயரைத் தன் துயராக உணரச் செய்வதே இலக்கியத்தின் உயர்ந்த தொழில் என்று நாம் கொள்வோமாயின், இச்சிறு விளையாட்டு அத்தொழிலில் ஒரு கணமேனும் வெற்றி பெற்றிருக்கிறது. இதனினும் பெரிய சிறப்பு வேறொன்றுண்டு. விலை கொடுத்து வாங்கியவருக்குக் கர்த்தர்கள் அளித்த பிரதியில் எவ்விதப் பூட்டும் இல்லை. நேர்மையாளர் எவ்விதத் தொல்லையும் படவில்லை. பாடம் களவாடியோருக்கு மட்டுமே சென்றது. இவ்விரண்டாவது சிறப்பை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். பின்னால் நமக்கு இது வேண்டும்.

பொருளின் குறை

முறையைப் புகழ்ந்த நாம் பொருளையும் சோதித்தல் வேண்டும். இவ்விளையாட்டு நமக்குக் கூறும் நீதி, களவாடப்பட்ட ஒவ்வொரு பிரதியும் விற்பனையில் இழந்த ஒரு பிரதி என்பதாக அமைந்திருக்கிறது. இஃது உண்மையா? 3,104 பேரும் கள்ளப் பிரதி கிட்டாவிடில் 8 டாலர் கொடுத்து வாங்கியிருப்பார்களா? அவர்களிற் பலர் இலவசம் என்பதால் எடுத்துப் பார்த்து மறுநாளே மறந்திருப்பார்கள். ஐரோப்பிய ஆணையம் செய்வித்து 2015-இல் முடிவுற்று, 2017-இல்தான் வெளிச்சத்துக்கு வந்த ஓர் ஆராய்ச்சி, புதிய திரைப்படங்கள் நீங்கலாக, களவினால் விற்பனை குன்றுகிறது என்று உறுதியாய் நிறுவத்தக்க சான்று கிட்டவில்லை என்று கூறியது.

இதனைக் கேட்டுக் களவாடுவோர் துள்ளிக் குதிக்கலாகாது. 2024-இல் வெளிவந்த மற்றொரு ஆராய்ச்சி, 'டெனுவோ' என்னும் பூட்டிட்ட 86 விளையாட்டுகளை எடுத்துச் சோதித்தது. வெளிவந்த முதல் வாரத்திலேயே பூட்டு உடைபட்டால் மொத்த வரும்படியில் சராசரி 20 சதவீதம் வரை குன்றுகிறது என்றும், 12 வாரங்கள் கழித்து உடைபட்டால் நஷ்டம் இல்லையென்றே சொல்லலாம் என்றும் அது கண்டது. ஆகவே நஷ்டம் இல்லை என்பதும் பொய், 93.6 சதவீதமும் நஷ்டம் என்பதும் பொய். சிறு நிறுவனம் ஒன்றுக்கு ஐந்தில் ஒரு பங்கு என்பது ஒரு பணியாளின் ஆண்டுச் சம்பளமாக இருக்கலாம்.

இரண்டாவது குறை இதனினும் பெரிது. துயரச் செய்தி வந்தபின் ஆடுவோர் செய்யத்தக்கது யாதொன்றுமில்லை. எதைச் செய்தாலும் திவால் என்று கர்த்தர்கள் விதித்துவிட்டார்கள். தேர்ந்தெடுத்தலே விளையாட்டின் உயிர். தேர்வைப் பறித்த இடத்தில் விளையாட்டு முடிந்து பிரசங்கம் தொடங்குகிறது. களவுக்கு ஆளான தொழிலாளி உண்மை உலகில் கைகட்டி நிற்பதில்லை.

போலந்து நாட்டின் செய்தி இதற்குத் தக்க சான்று. 1990-களில் அந்நாட்டில் கள்ளப் பிரதி விற்காத சந்தை இல்லை. அந்நிலையில் 1994-இல் மார்சின் இவின்ஸ்கி, மிகல் கிசின்ஸ்கி என்னும் இருவர் தொடங்கிய 'சிடி புரொஜெக்ட்' நிறுவனம், 1999-இல் 'பால்டர்ஸ் கேட்' என்னும் விளையாட்டைப் போலிஷ் மொழியில் பெயர்த்து, நாடறிந்த நடிகர்களைப் பேசச் செய்து, வரைபடமும் கைந்நூலும் சேர்த்து அழகிய பேழையில் வைத்து விற்றது. முதல் நாளே 18,000 பிரதிகள் விற்றன. திருடனிடம் கிடைப்பதினும் மேலானதொன்றை நியாயமாய்க் கொடுத்தால் மக்கள் காசு கொடுப்பர் என்பதை அந்நாள் காட்டிற்று. அதே நிறுவனம் 2011-இல் 'விட்ச்சர் 2' என்பதைக் களவாடினர் என்று தான் கருதியவர்களுக்கு ஜெர்மனியில் வக்கீல் கடிதம் அனுப்பிப் பணம் கேட்டதும், குற்றமற்றோரும் அகப்படக்கூடும் என்று கண்டனம் எழவே 2012 ஜனவரியில் அவ்வழக்கத்தைக் கைவிட்டதும் மறக்கத்தக்கவை அல்ல. நல்வழி அறிந்தவரும் சினத்தால் வழி தவறுவர்.

களவாடுவோரின் சமாதானங்கள்

நம் நாட்டு வாசகர்களுக்கு இவ்விஷயம் அந்நியமன்று. 1990-களிலும் 2000-களின் முற்பகுதியிலும் கோலாலம்பூர் பெட்டாலிங் தெருவிலும், ஜொகூர் பாரு கடைத்தொகுதிகளிலும் சில வெள்ளிக்குக் கள்ள வட்டுகள் அடுக்கி விற்கப்பட்டன. அசல் வட்டின் விலை அதனினும் பன்மடங்கு. மலேசிய அரசாங்கம் 2000-ஆம் ஆண்டில் ஒளிவட்டுச் சட்டம் இயற்றி, வட்டு அச்சிடும் தொழிற்கூடங்கள் உரிமம் பெறவேண்டும் என விதித்தது. சட்டம் வட்டைத் தேடிக்கொண்டிருந்த போதே களவு வட்டை விட்டு இணையத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டது.

வாங்குவோர் அந்நாளில் கூறிய சமாதானங்களே இந்நாளிலும் கூறப்படுகின்றன. பொருளை எடுத்தால்தானே திருட்டு, பிரதி எடுத்தால் மூலம் அங்கேயே இருக்கிறதே என்பது முதலாவது. மூலம் இருக்கிறது, உண்மை. ஆனால் அதனைச் செய்தவர் மூன்றாண்டு உழைத்த உழைப்புக்குக் கூலி எங்கே இருக்கிறது? கூலி கொடாமல் வேலை வாங்குவோனை நாம் என்ன பெயரிட்டு அழைக்கிறோமோ அப்பெயரை இங்கும் இடுவதுதான் முறை. பெரிய கம்பெனிக்கு இது தூசு என்பது இரண்டாவது. கிளக் சகோதரரின் 214 பிரதிகளைக் கண்டபின் இச்சமாதானம் நிற்காது. களவாடும் கைக்குப் பெரியவன், சிறியவன் என்னும் பேதம் தெரிவதில்லை.

மூன்றாவதான விலைச் சமாதானத்தை மட்டும் நாம் இகழ்ந்து தள்ள மாட்டோம். அமெரிக்கத் தொழிலாளி சில மணி நேரம் உழைத்து வாங்கும் ஒன்றை, இங்குள்ள தோட்டத் தொழிலாளியின் மகன் தகப்பனாரின் பல நாட்கூலி கொடுத்து வாங்கவேண்டும் என்னும் ஏற்பாடு நியாயமன்று. ஆனால் அந்நியாயத்துக்குப் பரிகாரம், கிட்டும் நியாய விலைக்காக வாதாடுவதும், விலை தாழும்வரை பொறுத்திருப்பதுமேயாகும். விளையாட்டு என்பது அரிசியன்று. அஃதின்றி ஒருவர் பட்டினி கிடப்பதில்லை. 'ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே' என்னும் பழமொழியை நாம் பிறரை ஏளனம் செய்யவே பயன்படுத்தி வந்திருக்கிறோம். நம் கையையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுதல் நலம்.

வேலியே பயிரை மேய்ந்த கதை

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். பூட்டுவோர் அனைவரும் கிளக் சகோதரரைப் போன்றவரல்லர். பழைய பூட்டுகளில் ஒருவித விளையாட்டுணர்வு இருந்தது. 1990-இல் வெளிவந்த 'தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்' என்பதோடு இரண்டு காகிதச் சக்கரங்கள் கொடுத்தார்கள். அவற்றைச் சுழற்றிக் கடற்கொள்ளையர் முகங்களைப் பொருத்தி ஓர் ஆண்டெண்ணைக் கண்டு சொன்னால்தான் ஆட்டம் தொடங்கும். கொள்ளையைத் தடுக்கக் கொள்ளையர் முகமே காவல் நின்றது! சக்கரத்தைத் தொலைக்காதவருக்கு அதனால் தீங்கில்லை.

2008-இல் 'ஸ்போர்' வெளிவந்தபோது நிலை மாறிவிட்டது. விலை கொடுத்து வாங்கியவர் அதனை மூன்று முறைக்கு மேல் கணினியில் செயற்படுத்தலாகாது என்று இணையத்தின் வழியே கட்டுப்படுத்தினார்கள். வாங்கியவர் ஆயிரக்கணக்கில் திரண்டு அமேசான் கடையில் கண்டனம் எழுதிய பின் அவ்வெண்ணை ஐந்தாக உயர்த்தினார்கள். பூட்டுடைத்த பிரதியோ அசல் கடைக்கு வருமுன்னரே இணையத்தில் உலவிற்று. அதற்கு மூன்றும் இல்லை, ஐந்தும் இல்லை. 2010-இல் 'யூபிசாஃப்ட்' நிறுவனம் 'அசாசின்ஸ் கிரீட் 2' முதலியவற்றை, ஆடும் நேரம் முழுதும் இணையத் தொடர்பு இருந்தாலன்றி ஆடவொட்டாமல் பூட்டிற்று. அவ்வாண்டு மார்ச்சில் அதன் சேவைக் கணினிகள் தாக்குதலுக்கு உள்ளாயின. காசு கொடுத்தவர்கள் கைபிசைந்து நின்றார்கள். வேலி பயிரை மேய்ந்தது என்பதற்கு இதனினும் வேறு உதாரணம் வேண்டுமோ?

இத்தகைய பூட்டுகள் செய்யும் பெருந்தீங்கு, நேர்மையாளனை முட்டாளாகக் காட்டுவது. வாங்கியவனுக்குத் துன்பமும், களவாடியவனுக்குச் சுகமும் என்று ஆகிவிட்டால், ஒழுக்கத்தைப் போதிக்க எந்த ஆசிரியனாலும் ஆகாது. பூட்டு முதல் சில வாரங்களில்தான் பயன் தருகிறது என்று மேலே கண்டோம். அங்ஙனமாயின் அவ்வாரங்கள் கழிந்தபின் அது யாருக்காக? 2016 மே மாதம் வெளிவந்த 'டூம்' அவ்வாண்டு டிசம்பரிலேயே டெனுவோ பூட்டினின்று விடுவிக்கப்பட்டது. இம்முறையே ஏனையோருக்கும் முன்மாதிரியாதல் வேண்டும்.

பூட்டினும் கொடியது சாவியையே கடலில் எறிவது. யூபிசாஃப்ட் 2014-இல் விற்ற 'தி க்ரூ' என்னும் கார்ப்பந்தய விளையாட்டு, தனியே ஆடுவோருக்கும் நிறுவனத்தின் சேவைக் கணினி இன்றி இயங்காது. 2024 மார்ச் 31-இல் அக்கணினிகள் நிறுத்தப்பட்டன. வாங்கியவர் கையில் எஞ்சியது ஒன்றுமில்லை. அதனைக் கண்டு எழுந்த கிளர்ச்சியின் பயனாக, வாங்கியவர் ஆடுதற்கு ஏதேனும் ஒரு வழியை விட்டுவைக்க வேண்டும் என்று கோரும் ஐரோப்பியக் குடிமக்கள் விண்ணப்பம் 2025 ஜூலையில் 10 இலட்சம் கையொப்பத்தைக் கடந்தது. கலிபோர்னியா மாநிலத்திலோ, வாங்குவது பொருளன்று, உரிமம் மட்டுமே என்பதைத் தெளிவாய்ச் சொல்லாமல் விற்கலாகாது என்னும் சட்டம் 2025 ஜனவரி முதல் அமலில் இருக்கிறது. விலை பெற்றுக்கொண்டு பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்வதற்கு நம் ஊரில் வழங்கும் பெயரும் களவுதான்.

முதல் நூலும் வழி நூலும்

நாம் எடுத்துக்கொண்ட விளையாட்டுக்குத் திரும்புவோம். அது வெளிவந்த அன்றே சிலர் வேறொரு குற்றம் சாட்டினர். ஜப்பானிய நிறுவனமான 'கைரோசாஃப்ட்' முன்னரே இயற்றி, 2010-இல் கைப்பேசியின் வழியே உலகறிந்த 'கேம் டெவ் ஸ்டோரி' என்பதும் விளையாட்டுக் கம்பெனி நடத்தும் விளையாட்டே. களவைக் கண்டிக்கும் இவர்களே கருத்தைக் களவாடினரன்றோ என்றார்கள். அதனால் தூண்டப்பட்டே தங்கள் விளையாட்டை இயற்றியதாகக் கிளக் சகோதரர் மறையாமல் ஒப்புக்கொண்டார்கள்.

நமது மொழியில் இவ்வழக்குக்குப் பழைமையான தீர்ப்புண்டு. முதல் நூல், வழி நூல் என்று தொல்காப்பியர் காலத்திலேயே பகுத்து வைத்தார்கள். முன்னோன் நூலின் முடிபைத் தழுவிப் பின்னோன் தன் வேறுபாட்டையும் சேர்த்து இயற்றுவது வழி நூல். அது குற்றமன்று, இலக்கிய வளர்ச்சியின் இயற்கை நெறி. எண்ணம் ஒருவரிடமிருந்து ஒருவருக்குச் செல்வதால்தான் கலை வளர்கிறது. பிறன் முடித்த பிரதியை அப்படியே எடுத்து விலை கொடாமல் துய்ப்பது வேறு. முன்னதில் பின்னோனின் உழைப்பு சேர்கிறது. பின்னதில் எவ்வுழைப்பும் சேரவில்லை. இவ்விரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவோர் களவுக்கு இலக்கிய ஆடை போர்த்துகிறார்கள்.

ஆனால் வழி நூல் பிறக்க முதல் நூல் கைக்கெட்ட வேண்டும். 'வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன்' என்னும் சங்கம் 2023-இல் கணக்கெடுத்து, 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளிவந்த பழைய விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று விலைக்கே கிட்டாதவை என்று கண்டது. நூலகங்கள் அவற்றை ஆராய்ச்சியாளருக்குத் தொலைவிலிருந்தே திறந்துகாட்ட அனுமதி கோரியபோது, அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் மறுத்துவிட்டது. விற்கவும் மாட்டார், வைத்துக் காக்கவும் விடார் என்றால், பழையன காக்கும் பொறுப்பு கள்ளப் பிரதிகளின் தலையிலே வந்து விழுகிறது. கறையானுக்கும் நீருக்கும் இரையாகிக்கொண்டிருந்த ஏடுகளைத் தேடித் திரட்டிய உ.வே. சாமிநாதையரின் உழைப்பை அறிந்த நாம், அழிவினின்று காக்க எடுக்கும் பிரதியையும், நேற்று வெளிவந்ததை இலவசமாய் ஆட எடுக்கும் பிரதியையும் ஒரே தராசில் இடமாட்டோம்.

நமது முடிவு

'கேம் டெவ் டைகூன்' களவாடியவருக்குக் களவு கொடுத்தவரின் நெஞ்சைக் காட்டிற்று. அது சிறந்த காரியம். வாங்கியவரை நம்பி அவருக்குப் பூட்டில்லாப் பிரதி அளித்தது. அது அதனினும் சிறந்த காரியம். இவ்விரண்டாவது பாடத்தை உலகம் அவ்வளவாகப் பேசவில்லை. கொட்டகைக் கர்த்தரின் துயரைக் கண்ணாடிபோற் காட்டிய அவ்விளையாட்டு, பூட்டப்பட்ட பொருளை விலைக்கு வாங்கி ஏமாந்தவரின் துயரைக் காட்டவில்லை. பின்னாளில் வந்த கைப்பேசிப் பதிப்பில் அந்தத் திவால் கதை, விரும்புவோர் வலியத் தேர்ந்து ஆடும் மிகக் கடினமான ஆட்டமுறையாக வைக்கப்பட்டது. பிரசங்கமாயிருந்தது சவாலாக மாறிற்று. விதியாயிருந்தது தேர்வாக மாறிற்று. கலைநோக்கில் இம்மாற்றத்தை நாம் மனமார வரவேற்கிறோம்.

இருதிறத்தாருக்கும் சொல்லவேண்டியது ஒன்றே. ஆடுபவர், தாம் விரும்பி ஆடும் பொருளுக்கு அதன் கர்த்தர் கேட்கும் விலையைக் கொடுக்கட்டும். கொடுக்க இயலாதபோது விலையை எதிர்த்து வெளிப்படையாய் வாதாடட்டும். விற்பவர், விற்றதை விற்றதாகவே கருதட்டும். விலை கொடுத்தவரைத் திருடராக எண்ணிச் சோதிப்பதையும், பின்னொரு நாள் பொருளைப் பறித்துக்கொள்வதையும் ஒழிக்கட்டும். பூட்டு இருக்கவேண்டுமாயின் அது களவாடுவோரை நோக்கி இருக்கட்டும், சில மாதங்களே இருக்கட்டும், பின்னர்த் திறந்துவிடப்படட்டும். நேர்மையாளனுக்குச் சுமையாகாத காவலே காவல். அதனைச் செய்து காட்டியவர்கள் 214 பிரதிகள் விற்ற சிறு நிறுவனத்தார் என்பதைப் பெருநிறுவனத்தார் எண்ணிப் பார்ப்பார்களாக.